புற்றுநோய்ச் சிகிச்சையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் குடும்பங்கள் ஒரு நாளில் மிக அதிகமாகச் சொல்லும் சொல் ‘கவுண்ட்’, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, என்பதாகத்தான் இருக்கும். ஆரணியிலிருந்து வந்தவரும் “கவுண்ட் எப்படி இருக்கு?” என்று கேட்கிறார், அடுத்த லாட்ஜ் அறையில் வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருப்பவரும் தம் மொழிக்கு நடுவே அதே சொல்லைத்தான் சொல்கிறார். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோ நடந்த மாதங்களில், ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பேருந்தில் வந்து, காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் ரிப்போர்ட் வாங்கி, டாக்டர் அழைக்கும் வரை அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த ஒவ்வோர் எண்ணும் என்னைப் பயமுறுத்தியது. உண்மையிலேயே பயப்பட வேண்டிய எண் வந்த நாளிலோ அதை நான் கவனிக்கவே இல்லை.

அன்றைக்குத் தெரியாமல் போனதை இன்று இன்னொரு குடும்பமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டில் உள்ள எந்த எண்ணும் தனியாக நின்று பொருள் தராது. கீமோ போட்டு இது எத்தனையாவது நாள், சென்ற முறை அந்த எண் எவ்வளவு இருந்தது, நோயாளிக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் அது பேசும். சிகிச்சை முடிவு டாக்டருடையது. அந்த முடிவைப் புரிந்துகொள்ளவும் தக்க நேரத்தில் தக்க கேள்வியைக் கேட்கவும் இந்த வழிகாட்டி உதவும்.

முதல் படி: ரத்தம் எடுப்பதற்கு முன்

மூன்று நான்கு குழாய்களில் ரத்தம் எடுப்பதைப் பார்த்ததும், “ஏற்கெனவே ரத்தம் இல்லை, இவ்வளவு எடுத்தால் என்ன ஆவது” என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். ஒரு குழாய்க்குள் போவது சில மில்லி மட்டுமே. உடம்பில் ஓடுவதோ நான்கு, ஐந்து லிட்டர். மூடியின் நிறம் வேறுபடுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் மருந்து வேறுபடுவதுதான். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ணுவதற்கு, இளநீல மூடி ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதற்கு, சாம்பல் நிற மூடி சர்க்கரைக்கு, சிவப்பு அல்லது மஞ்சள் மூடி சிறுநீரகம், கல்லீரல், கட்டி மார்க்கர் (புற்றுநோயைப் பின்தொடர ரத்தத்தில் அளக்கும் பொருள்) போன்றவற்றுக்கு.

வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பது எல்லாச் சோதனைக்கும் பொருந்தாது. அணு எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பெரும்பாலான மார்க்கர்கள் ஆகியவற்றுக்குப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்குத்தான் தேவை. சித்திரை வெயிலில் விடியற்காலையிலேயே கிளம்பி, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் மதியம் வரை வரிசையில் நிற்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு உடம்பின் நீர் வற்றியே யூரியாவும் கிரியாட்டினினும் ஏறிவிடலாம். எந்தச் சோதனைக்குப் பட்டினி என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள்.

குளுக்கோஸோ உப்பு நீரோ ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்தால் அது நீர்த்துப்போய் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். முஷ்டியைத் திரும்பத் திரும்ப இறுக்கி விரித்தால் பொட்டாசியம் உயர்ந்து காட்டலாம். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், மறு கையில் எடுக்கச் சொல்வதே வழக்கம். அதை ரத்தம் எடுப்பவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லலாம். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: முடி வளர்வதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை அதிக அளவில் இருந்தால் தைராய்டு, மார்க்கர் சோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டக்கூடும். கீமோவில் முடி கொட்டியவர்கள் இதை வாங்கிச் சாப்பிடுவது இயல்பு. அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: தாளின் தலைப்பையும் அலகையும் பார்ப்பது

முதலில் பெயர், வயது, மருத்துவமனை எண், ரத்தம் எடுத்த தேதி, நேரம். பிறகு அலகு. வெள்ளணுக்கள் 2400 என்று ஒரு லேப் அச்சிடும்; இன்னொரு லேப் அதையே ஆயிரத்தின் மடங்காக 2.4 என்று அச்சிடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 95 என்று இருந்தால் அது தொண்ணூற்றைந்து ஆயிரம். இன்னொரு தாளில் அதுவே 0.95 லட்சம். “பிளேட்லெட் வெறும் தொண்ணூற்றைந்துதான் இருக்காம்” என்று ஊருக்குப் போன் போய், இரவோடு இரவாகச் சொந்தக்காரர்கள் புறப்பட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வலது ஓரத்தில் இருக்கும் ‘இயல்பு எல்லை’ ஆரோக்கியமானவர்களை வைத்து வகுத்தது. பொதுவாக நூறு ஆரோக்கியமானவர்களில் தொண்ணூற்றைந்து பேரின் எண்கள் அடங்கும் எல்லை அது. ஆகவே இருபது சோதனை செய்தால் நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றிரண்டு எண்கள் எல்லை தாண்டுவது இயல்பு. கீமோவில் இருப்பவருக்குப் பல எண்கள் தடித்த எழுத்தில்தான் வரும்.

மூன்றாம் படி: ரத்த அணுக்கள்

கீமோ காலத்தில் மிக முக்கியமான தாள் இதுதான். எலும்பு மஜ்ஜையில்தான் மூவகை அணுக்களும் உருவாகின்றன. வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்குவதால், புற்றுநோய்ச் செல்லோடு மஜ்ஜையும் அடி வாங்குகிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். தட்டணு ஏழு முதல் பத்து நாள். கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவோ ரத்தத்தில் ஒரு நாள் அளவுக்குத்தான் தங்கும். ஆயுள் குறைந்த அணுவே முதலில் தீர்ந்துபோகிறது. அதனால்தான் பல கீமோ முறைகளில் மருந்து போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போய், மூன்றாம் வாரத்தில் மீண்டு வருகிறது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மருந்து என்ற கணக்குக்கும் இதுவே ஒரு காரணம். ஹீமோகுளோபின் அப்படிச் சட்டென்று விழாமல் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும்.

ஹீமோகுளோபின் ஆணுக்குச் சுமார் 13, பெண்ணுக்கு 12 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். நம் பெண்களில் பலர் நோய் வருவதற்கு முன்பே ரத்தசோகையோடு இருந்தவர்கள் என்பதால், முதல் கீமோவுக்கு முன் எடுத்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுவதே நியாயம். 7, 8 என்று இறங்கினால் ரத்தம் ஏற்றுவது பற்றி டாக்டர் பேசுவார். மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ இதய நோயோ இருந்தால் அதற்கு முன்பேயும் ஏற்றலாம். மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுகள்தான். ஆனால் மஜ்ஜை சோர்ந்ததால் குறைந்த ஹீமோகுளோபினை அவை ஒரு வாரத்தில் ஏற்றிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து குறைவா என்று பார்த்த பிறகே எடுக்க வேண்டும். எம்.சி.வி. என்ற வரி சிவப்பணுவின் பருமனைச் சொல்கிறது. அது 80-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். 100-க்கு மேல் போனால் பி12 குறைவோ, கேப்சிடபின் போன்ற மருந்தின் விளைவோ காரணமாகலாம்.

இனி, இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது அடுத்து வரும் கணக்காக இருக்கட்டும். மொத்த வெள்ளணு எவ்வளவு என்பதைவிட அதற்குள் நியூட்ரோஃபில் எவ்வளவு என்பதே முக்கியம். மொத்த எண்ணை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். மொத்தம் 2400, நியூட்ரோஃபில் 35 சதவீதம் என்றால் 840. இதைத்தான் ஏ.என்.சி. என்கிறார்கள். 1500-க்குக் கீழே குறைவு; 1000-க்குக் கீழே கவனம் கூட வேண்டும்; 500-க்குக் கீழே போனால் வாயிலும் குடலிலும் எப்போதும் நம்மோடு இருக்கும் கிருமிகளே ரத்தத்துக்குள் புகுந்து உயிரைப் பறிக்கும் அளவுக்கு வளர முடியும்.

அம்மாவின் இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். ஊரில் எடுத்த ரிப்போர்ட்டில் வெள்ளணு 1.9 என்று இருந்தது. ‘கொஞ்சம் குறைவு, ஏறிவிடும்’ என்று மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நான்கு வரி கீழே நியூட்ரோஃபில் 12 என்று இருந்ததை என் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. பெருக்கியிருந்தால் 228 என்று தெரிந்திருக்கும். அன்று இரவு அம்மாவுக்கு 100.8 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்தேன்; வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது; விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். விடியற்காலையில் பல் கிட்டும் குளிர். கூப்பிட்டால் பாதி நினைவில் பதில். காரில் வேலூர் போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டிருந்தது. நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறத் தொடங்கிய பிறகும் ஆறு நாள் படுக்கையில் இருந்தார்.

கீமோ போட்டவருக்கு ஒருமுறையேனும் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது அவசரம். இரவா பகலா என்று பார்க்கக் கூடாது. கவுண்ட் குறைந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனை வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும் என்பதே சிகிச்சை நெறி. டாக்டரிடம் பேசாமல் கொடுக்கும் பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிர, கிருமியைத் தொடாது. வயதானவருக்கும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் காய்ச்சல் வராமலே குளிரும் தளர்ச்சியும் மட்டும் வரலாம். அதையும் காய்ச்சலாகவே எண்ணுங்கள். ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து, எனிமா ஆகியவற்றை இந்த நாட்களில் தவிர்க்க வேண்டும். வெள்ளணுவை உயர்த்த ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போட்ட பின் எண்ணிக்கை இருபதாயிரம், முப்பதாயிரம் என்று எகிறினால், பெரும்பாலும் அது ஊசியின் வேலை; எலும்பு வலியும் அதனோடு வரும்.

தட்டணுக்களின் இயல்பு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம். சிறு அறுவைச் செயல்களுக்கு ஐம்பதாயிரமாவது இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். பத்தாயிரத்துக்குக் கீழே போனால் ரத்தப்போக்கு இல்லாவிட்டாலும் தட்டணு ஏற்றுவது வழக்கம். ஈறில் ரத்தம், தோலில் செம்புள்ளிகள், கருத்த மலம் ஆகியவை எண்ணைவிட உரக்கப் பேசும் அறிகுறிகள். குறைந்திருக்கும்போது ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளும், இடுப்பில் போடும் தசை ஊசியும் கூடாது. தெருமுனை கிளினிக்கில் “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டெங்கு காலத்துப் பழக்கத்தில் பப்பாளி இலைச் சாறு கொடுக்க அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். கீமோவால் குறைந்த தட்டணு, மஜ்ஜை மீளும்போதுதான் மீளும், வாய்ப்புண்ணோடும் குமட்டலோடும் இருப்பவருக்கு அந்தக் கசப்பு இன்னொரு தண்டனை. எந்த அறிகுறியும் இல்லாமல் எண் திடீரென்று மிகக் குறைந்தால், ஊதா மூடிக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டித் திரண்டு, எந்திரம் குறைவாக எண்ணியிருக்கலாம். இளநீலக் குழாயில் மறுபடி எடுத்தும், கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தும் சரிபார்ப்பார்கள்.

நான்காம் படி: சிறுநீரகமும் உப்புகளும்

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தவருக்கு அது குறைவாகவே உருவாகும் என்பதால், எண் இயல்பாக இருந்தாலும் சிறுநீரகம் இயல்பாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் கணக்கிட, 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுத்து, பெண்ணென்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். கிரியாட்டினின் 1.0 உள்ள முப்பது வயது, 70 கிலோ இளைஞருக்கு விடை சுமார் 107. அதே 1.0 உள்ள எழுபது வயது, 40 கிலோ பாட்டிக்குச் சுமார் 33. தாளில் இருவரின் எண்ணும் ஒன்று. சிறுநீரகம் வடிகட்டும் அளவோ மூன்றில் ஒன்று. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுக்கலாமா, கார்போபிளாட்டின் என்ற மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதையெல்லாம் இதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள். செருப்பையும் கனத்த சேலை முடிச்சையும் கழற்றிவிட்டு நிற்பது நல்லது.

வாந்தி, பேதி இருந்தால் சோடியமும் பொட்டாசியமும் இறங்கும். சிஸ்பிளாட்டின் மக்னீசியத்தை இறக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் உயர்ந்தவருக்கு அது ஆகாது. கால்சியத்தை ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆல்புமின் 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்ட வேண்டும். கால்சியம் 9.8, ஆல்புமின் 2.5 என்றால் திருத்திய கால்சியம் 11.0. தாளில் தடித்த எழுத்தில்கூட வராத ஒரு எண் உண்மையில் உயர்வு என்பது இப்படித்தான் தெரிகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவருக்கு மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் கால்சியத்தைப் பார்க்கும்படி கேளுங்கள்.

கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும். ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. நம்பத்தக்கதல்ல.

ஐந்தாம் படி: கல்லீரல்

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் கல்லீரல் செல்கள் நோகும்போது உயரும். கீமோவுக்குப் பின் சற்று ஏறி இறங்குவது உண்டு. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் உயர்ந்தால் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனெனில் டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளைக் கல்லீரல்தான் வெளியேற்றுகிறது; அவற்றின் அளவைக் குறைக்க நேரிடும். ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும்.

கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது வட ஆற்காட்டு வீடுகளில் தொன்றுதொட்ட வழக்கம். அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பார்க்கவில்லை. ஆனால் கட்டி அடைத்த பித்தக்குழாயை எந்த இலையும் திறக்காது, நாள்தான் போகும். என்ன நாட்டு மருந்து எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு முன்பு ஹெபடைட்டிஸ் பி சோதனை எடுப்பதைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். உடம்பில் அமைதியாகக் கிடக்கும் அந்த வைரஸ், கீமோவின்போதும், குறிப்பாக ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து கொடுக்கும்போதும் விழித்தெழுந்து கல்லீரலை அழிக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையால் தடுத்துவிடலாம்.

ஆறாம் படி: கட்டி மார்க்கர்கள்

குடும்பங்களை அதிகம் அலைக்கழிப்பவை இவை. சி.இ.ஏ. 1965-இல் மாண்ட்ரியலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோர் கண்டறிந்தது. பெருங்குடல் புற்றுநோயைப் பின்தொடர உதவுகிறது. சி.ஏ.125 சினைப்பைக்கும், சி.ஏ.19-9 கணையத்துக்கும் பித்தப்பாதைக்கும், ஏ.எஃப்.பி. கல்லீரலுக்கும் விரைப் புற்றுநோய்க்கும், பி.எஸ்.ஏ. புராஸ்டேட்டுக்கும் பயன்படுகின்றன. இவற்றில் எதுவும் தனியாக நின்று ‘புற்றுநோய்’ என்று தீர்ப்புச் சொல்லாது. புகை பிடிப்பவருக்குச் சி.இ.ஏ. உயரும். பித்தநீர் அடைப்பு எதனால் வந்தாலும் சி.ஏ.19-9 உயரும்; மக்களில் சிலருக்கு ரத்த வகைபோலப் பிறவியிலேயே அந்தப் பொருள் உருவாவதில்லை, அவர்களுக்கு நோய் முற்றினாலும் எண் உயராது. சிறுநீர்த் தொற்றும் புராஸ்டேட் வீக்கமும் பி.எஸ்.ஏ.வை உயர்த்தும். சி.ஏ.125 மாதவிடாயிலும் கர்ப்பத்திலும் உயரும். நம் நாட்டில் முக்கியமாக வயிற்றுக் காசநோயிலும் நூற்றுக்கணக்கில் உயரும். வயிற்றில் நீர், இளைப்பு, உயர்ந்த சி.ஏ.125 மூன்றும் சேர்ந்து சினைப்பைப் புற்றுநோய்போலவே காட்டி, திசுப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, மாத்திரையிலேயே குணமாவது உண்டு. ஆகவே திசுப் பரிசோதனை முடியும்வரை மனம் உடைய வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் எல்லா மார்க்கரையும் சேர்த்துக்கொள்வதால் வீண் பயமும் வீண் செலவுமே மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து.

சிகிச்சையில் இருப்பவர் எண்ணின் போக்கைப் பார்க்க வேண்டும். 4.2, 3.8, 4.4 என்று அசைவது ஒன்றுமில்லை. 4, 9, 21 என்று ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாவது வேறு. ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்த எண்களையே ஒப்பிட வேண்டும். எந்திரம் மாறினால் எண்ணும் மாறும். கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில், சாகும் செல்களிலிருந்து பொருள் கசிந்து சி.இ.ஏ. தற்காலிகமாக உயர்வதும் உண்டு. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. விரைப் புற்றுநோயில் மார்க்கர் இறங்கும் வேகத்தையே அளக்கிறார்கள்: ஏ.எஃப்.பி. ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பாதியாக வேண்டும்.

ஏழாம் படி: ரத்தப் புற்றுநோய்களுக்கு உரியவை

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற மரபணுச் சோதனையே வழிகாட்டி; இமாட்டினிப் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு அது 0.1 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்குவது நல்ல இலக்கு. கவுண்ட் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இந்த எண்தான் முதலில் எச்சரிக்கும். மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயில், ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனையில் தெரியும் எம் பட்டையின் அளவைப் பார்ப்பார்கள். வேகமான லுக்கேமியா, லிம்ஃபோமா ஆகியவற்றில் முதல் மருந்து போட்டதும் செல்கள் கூட்டமாக உடைந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எகிறும் என்பதால், ஒரு நாளில் பலமுறை ரத்தம் எடுக்க நேரும். அதை மறுக்காதீர்கள்.

எட்டாம் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கோடு போட்டுத் தேதி, கீமோவின் எத்தனையாம் நாள், எடை, ஹீமோகுளோபின், மொத்த வெள்ளணு, நீங்களே பெருக்கிய ஏ.என்.சி., தட்டணு, கிரியாட்டினின், பிலிருபின் என்று எழுதுங்கள். கடைசிப் பத்தியில் அன்று உடம்பு எப்படி இருந்தது என்று இரண்டு சொல். முதல் பக்கத்தில் மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, இரவில் அழைக்க வேண்டிய எண்.

நான்காவது கீமோவின் பதினொன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு அம்மாவுக்கு 101.2 டிகிரி வந்தது. இந்த முறை மாத்திரையை எடுக்கவில்லை, நோட்டை எடுத்தேன். “சிஸ்டர், கீமோ போட்டு இன்னைக்குப் பதினொன்றாம் நாள். சாயங்கால ரிப்போர்ட்ல ஏ.என்.சி. 410. இப்ப 101.2 காய்ச்சல், குளிர் இல்லை, மாத்திரை எதுவும் கொடுக்கலை” என்றேன். “உடனே கிளம்பி வாங்கம்மா, நோட்டையும் எடுத்துட்டு வாங்க” என்று பதில் வந்தது. நள்ளிரவுக்கு முன்பே மருந்து ஏறத் தொடங்கியது. மூன்றாம் நாள் வரியில் ‘ஏ.என்.சி. 1650, காய்ச்சல் இல்லை, இரண்டு இட்லி சாப்பிட்டார்’ என்று எழுதியிருக்கிறேன்.